குதிரைக் கொட்டிலில் தங்கிக் கைத்தொழில் கற்க வருபவர்களுக்கு

காட்டுக் குதிரைகளைப் பழக்கும் பண்ணையில் தங்கி, அங்கேயே வேலி போடவும் லாடம் அடிக்கவும் தோல் தைக்கவும் கற்றுக்கொள்ளும் வெளிநாட்டுக்காரர்களைக் காணொளியில் பார்த்துவிட்டு, "நம் பக்கம் அப்படி ஓர் இடம் உண்டா?" என்று கேட்டு வருகிற இளைஞர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். பெரும்பாலும் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ கணினி முன் உட்கார்ந்து அலுத்துப்போனவர்கள். வேதாரண்யம் பக்கம் ஒரு கொட்டிலில் வேலை பார்ப்பவன் என்பதால் என்னிடமும் கேட்கிறார்கள். அவர்களுக்கு வாயால் சொல்லும் பதிலைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

அந்தக் காணொளிகளில் வருபவை அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் திரியும் மஸ்டாங் குதிரைகள். ஸ்பானியர்கள் கொண்டுவந்த குதிரைகள் தப்பிப் பெருகிய வம்சம். 1971இல் வந்த சட்டம் அவற்றைக் காக்கிறது. எண்ணிக்கை மிகும்போது அரசே பிடித்து மக்களுக்குத் தத்துக் கொடுக்கிறது. அப்படித் தத்தெடுத்தவற்றைப் பழக்குவதுதான் அங்கே பல பண்ணைகளின் வேலை. நம்மிடம் அப்படிப்பட்ட ஏற்பாடு எதுவும் கிடையாது. காவிரிப் படுகையில் காட்டுக் குதிரை என்று சொல்லத் தக்கவை கோடியக்கரைக் காட்டில் திரியும் மட்டக்குதிரைகள் மட்டுமே. அந்தக் காடு 1967 முதல் வனவிலங்கு சரணாலயம். அங்கிருந்து குதிரை பிடிக்க முடியாது, பிடிக்கவும் கூடாது. "வனத்துறைக்குத் தெரிந்தவர் மூலம் ஒரு குட்டி வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அவரோடு டீ கூடக் குடிக்காதீர்கள்.

ஆனால் வீட்டுக் குதிரைகள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கின்றன. எல்கைப் பந்தயம் எனப்படும் வண்டிப் பந்தயத்துக்கு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். காணும் பொங்கலன்று திருக்கடையூரில் மாட்டு வண்டிகளோடு குதிரை வண்டிகளும் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுபவர்களும், ஆசைக்கு வளர்க்கும் மிராசுகளும் உண்டு. வடக்கிலிருந்து லாரியில் வந்து இறங்கும் குதிரைகளில் பாதி, கையைக் கண்டாலே காதை மடக்கும் அரைகுறைப் பழக்கம் உள்ளவை. கற்றுக்கொள்ள அதுவே போதும். குதிரை ஏறிப் பாய்வதற்காக வருகிறவர் வராமலே இருக்கலாம். குதிரையைச் சுற்றி நடக்கும் வேலைகளான கயிறு, குளம்பு, வேலி, வைக்கோல், பட்டறை ஆகியவற்றுக்காக வருகிறவருக்குத்தான் இந்தக் கட்டுரை.

எந்த மாதத்தில் வருவது

தை பிறந்ததும் வாருங்கள். சம்பா அறுவடை நடக்கும், புது வைக்கோல் வந்து சேரும், போர் போடக் கற்கலாம். வயல் மண்ணில் அப்போது ஈரம் முழுதும் வற்றியிருக்காது, வேலிக் குழிக்குக் கடப்பாரை இறங்கும். சித்திரையில் அதே களிமண் பாளம் பாளமாக வெடித்து, பாறையாக இறுகியிருக்கும். பங்குனி, சித்திரை கொட்டகைக்குக் கீற்று மாற்றும் காலம். ஜூன் 12இல் மேட்டூர் திறந்து கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டால் ஊரே நடவில் இறங்கிவிடும், உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவரும் அகப்பட மாட்டார். ஐப்பசியில் புதிதாக வந்து நிற்பது வீண். மழை, சேறு, கொசு தவிர வேறெதுவும் கண்ணில் படாது. ஆனால் தையில் வந்தவர் கார்த்திகை முடியும்வரை இருந்தே ஆக வேண்டும். நீங்கள் போட்ட வேலி நிற்கிறதா, நீங்கள் பார்த்த குளம்பு அழுகாமல் இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

பேச வேண்டியதை வாசலிலேயே பேசுங்கள்

இந்த வட்டாரத்தில் சம்பளம் பேசுவதை மரியாதைக் குறைவாக நினைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. "நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி இரு தம்பி" என்பார்கள். அந்த அன்பு உண்மையாகவும் இருக்கும். ஆனாலும், சாப்பாடு யார் பொறுப்பு, படுக்க எங்கே, கைச்செலவுக்கு எவ்வளவு, வாரத்தில் எத்தனை நாள் லாடக்காரரோடு, எத்தனை நாள் பட்டறையில், அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். கற்றுக்கொடுக்கிறேன் என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் சாணி அள்ள மட்டும் வைத்திருக்கும் இடங்கள் உண்டு.

உரிமையாளரிடம் பேசும் முன் அவருடைய குதிரைகளின் கால்களைப் பாருங்கள். குளம்பு முன்னால் நீண்டு படகு மூக்கு போல வளைந்திருந்தால், விளிம்பு சில்லுச் சில்லாக உடைந்திருந்தால், கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். தன் குதிரையின் காலைப் பார்க்காதவர் உங்களுக்கு என்ன சொல்லித் தரப்போகிறார்?

வருவதற்கு முன் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். குதிரை லத்தியிலும் லாயத்து மண்ணிலும் அந்தக் கிருமி சாதாரணமாக இருக்கும். ஆணியும் அரமும் கையிலேயே இருக்கும் வேலை இது. கணுக்காலை மூடும் கனமான தோல் பூட்ஸ் ஒரு ஜோடி வேண்டும். ரப்பர் செருப்போடு லாயத்துக்குள் போகிறவரை எங்கள் கொட்டிலில் உள்ளே விடுவதில்லை.

முதல் வாரங்கள்

தண்ணீர் சுமப்பதும் லத்தி அள்ளுவதும்தான். சலித்துக்கொள்ளாதீர்கள், இதில் பாதிப் படிப்பு இருக்கிறது. வளர்ந்த குதிரை ஒன்று நாளைக்கு 25 முதல் 40 லிட்டர் தண்ணீர் குடிக்கும், கோடையில் அதற்கும் மேல். வாளி கணக்கு உங்கள் கையில் இருப்பதால், எந்தக் குதிரை இன்று குறைவாகக் குடித்தது என்பது உரிமையாளருக்கு முன்னால் உங்களுக்குத் தெரியும். கடலோரத்தில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கோடையில் உப்பேறும். புது ஊற்றென்றால் முதலில் நீங்கள் குடித்துப் பாருங்கள்.

லத்தி உருண்டை உருண்டையாக, கீழே விழுந்தால் உடையும் பதத்தில் இருக்க வேண்டும். வேதாரண்யம், கோடியக்கரை மாதிரி மணற்பாங்கான இடத்தில் இன்னொரு சோதனையும் கற்றுக்கொள்ளுங்கள். மண் ஒட்டாத நாலைந்து உருண்டையை மேலாக எடுத்து, பக்கெட் தண்ணீரில் கரைத்து, கால் மணி நேரம் விட்டுவிட்டு மெதுவாகத் தண்ணீரைச் சாய்த்து ஊற்றுங்கள். அடியில் விரலால் வழிக்கிற அளவுக்கு மணல் நின்றால், அந்தக் குதிரை தீவனத்தோடு மணலையும் தின்கிறது, வயிற்றுவலி வரப்போகிறது என்று அர்த்தம். தரையில் போடுவதை நிறுத்திவிட்டுத் தொட்டியில் தீவனம் வைக்க வேண்டும். இந்தப் பக்கெட் சோதனையைச் செய்து காட்டியே ஒரு புதுப் பையன் கொட்டிலில் நல்ல பெயர் வாங்கிவிடலாம்.

இதே வாரங்களில் கிட்டே போகும் முறையும் பழக வேண்டும். குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருக்கிறது. நேர் பின்னால் வருவதும், நெற்றிக்கு நேர் முன்னால் மிக அருகில் நிற்பதும் அதற்குத் தெரியாது. ஆகையால் தோள்பட்டையைப் பார்த்துச் சாய்வாக, பேசிக்கொண்டே போங்கள். காது உங்கள் பக்கம் திரும்பினால் கவனிக்கிறது. இரண்டு காதும் பின்னால் ஒட்டிப் படிந்தால் நின்றுவிடுங்கள். பழகாத குதிரையை நெருங்க ஒரு வழிதான் உண்டு. அது தலையைத் தூக்கும் இடம்வரை போய் நின்று, தலையைத் தாழ்த்தும்போது நீங்கள் ஒரு அடி பின்வாங்க வேண்டும். நீங்கள் விலகுவதுதான் அதற்குக் கிடைக்கும் பரிசு. வெல்லக்கட்டியைக் காட்டி அழைப்பவர்கள் கடைசியில் விரலில் கட்டுப் போட்டுக்கொள்கிறார்கள்.

கயிறு

மாடு கட்டத் தெரிந்தவர்கள் எனக்குக் கயிறு தெரியும் என்பார்கள். மாட்டை முளைக்குச்சியில் கட்டும் முடிச்சு இழுக்க இழுக்க இறுகும், மாடு கொஞ்சம் முட்டிவிட்டு நின்றுவிடும். குதிரை அப்படி நிற்காது. மிரண்டால் பின்னால் சாய்ந்து முழுப் பலத்தோடு இழுக்கும், தூணோ கழுத்தோ உடையும். அதனால் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு வேண்டும்.

கயிற்றைத் தூணைச் சுற்றிக் கொண்டுவந்து, நுனிப் பக்கத்தில் ஒரு வளையம் போடுங்கள். அதைக் குதிரையை நோக்கிப் போகும் கயிற்றின் மேல் குறுக்காக வையுங்கள். மிச்சமுள்ள நுனிக் கயிற்றை அந்தக் கயிற்றின் அடியாக எடுத்து, இரண்டாக மடித்து, மடிப்பை மட்டும் வளையத்துக்குள் நுழைத்து இறுக்குங்கள். நுனி முழுதாக உள்ளே போய்விடக் கூடாது. குதிரை எவ்வளவு இழுத்தாலும் நிற்கும், நீங்கள் நுனியைச் சுண்டினால் அவிழும். குதிரையின் தோள் உயரத்துக்குக் கட்ட வேண்டும், தூணுக்கும் முகத்துக்கும் நடுவே ஒரு கை நீளத்துக்கு மேல் விடக் கூடாது. தாழக் கட்டினால் முன்னங்கால் கயிற்றில் சிக்கும். எங்கள் கொட்டிலில் தூணில் நேரடியாகக் கட்டுவதில்லை. மெல்லிய சணலில் ஒரு வளையம் தூணில் தொங்கும், அதில்தான் கட்டுவோம். உயிருக்குப் பயந்து இழுத்தால் சணல் அறும், கழுத்து தப்பும். இருட்டில், முதுகுப்பக்கம் கையை வைத்துக்கொண்டு இந்த முடிச்சைப் போட வரும்வரை அடுத்த வேலைக்குப் போக வேண்டாம்.

குளம்பு

இந்தத் தொழிலில் பிழைப்பு இருப்பது இங்கேதான். டெல்டாவில் மாட்டுக்கு லாடம் அடிப்பவர்களே குறைந்துவிட்டார்கள், குதிரைக்கு அடிப்பவர்கள் அதைவிடக் குறைவு. இரண்டும் வேறு வேறு வேலை. மாட்டின் குளம்பு பிளந்தது, ஒரு காலுக்கு இரண்டு தகடு. மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, கால்களைக் கட்டி அடிப்பார்கள். குதிரைக்குப் பிறை வடிவில் ஒரே லாடம், அதுவும் நின்றபடியே. அதன் காலை உங்கள் தொடைகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டு நீங்கள்தான் குனிய வேண்டும்.

முதலில் சுத்தம் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். குளம்பின் அடியைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் முக்கோணமாக, ரப்பர் போல மெத்தென்று ஒரு பகுதி இருக்கும். அதன் இரு பக்கத்துப் பள்ளங்களில் சேறும் லத்தியும் அடைந்துகொள்ளும். கொக்கியால் குதிகாலிலிருந்து முனையை நோக்கிக் கீறி எடுக்க வேண்டும், எதிர்த்திசையில் போனால் கொக்கி நழுவி மென்மையான இடத்தில் குத்திவிடும். கார்த்திகை ஈரத்தில் அந்தப் பள்ளத்தில் கறுப்பாக ஒழுகி, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம் அடித்தால் அழுகல் தொடங்கிவிட்டது. மருந்தைவிட முதலில் உலர்ந்த தரை வேண்டும். புரட்டாசியில் லாயத்துத் தரையை மண் போட்டு உயர்த்தச் சொல்வது இதற்காகத்தான்.

குளம்பு நம் நகம் போல வளர்ந்துகொண்டே இருப்பது. 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை குறடால் வெட்டி, அரத்தால் சமப்படுத்த வேண்டும். அரத்தில் கை வைத்துவிட்டால் நிறுத்த மனம் வராது என்பதுதான் புதியவர்களின் சிக்கல். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, காலைக் கீழே விட்டு, நாலடி தள்ளி நின்று பாருங்கள், குதிரையை நடக்கவிட்டும் பாருங்கள்.

லாடம் அடிப்பது கடைசிப் பாடம். வயல் வரப்பிலும் மணலிலும் நடக்கும் குதிரைக்குப் பெரும்பாலும் லாடமே தேவைப்படாது. தார்ச்சாலையில் வண்டி இழுப்பதற்குத்தான் வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் முதல் ஆணி அடிக்கும்போது, "தம்பி, பார்க்காதே, கேள்" என்றார். குளம்புச் சுவரின் கெட்டியான பகுதியில் ஆணி போகும்போது கணீரென்று கேட்கும். உள்ளே உயிருள்ள பகுதிக்குத் திரும்பினால் சத்தம் மந்தமாகிவிடும், சுத்தியும் அதைக் கையில் சொல்லும். உடனே பிடுங்கிவிட வேண்டும். சுவருக்கும் அடிப்பகுதிக்கும் இடையில் வெளிறிய கோடு ஒன்று ஓடுகிறதல்லவா, அதுதான் எல்லை. ஆணி அந்தக் கோட்டுக்கு வெளியேதான் இறங்க வேண்டும். லாட ஆணியின் நுனி ஒரு பக்கம் மட்டும் சரிவாகச் சீவியிருக்கும். அந்தச் சரிவு உள்பக்கம் பார்த்திருந்தால் ஆணி வளைந்து வெளியே வரும். திருப்பி வைத்தால் உள்ளே போய்க் குதிரையை நொண்டியாக்கிவிடும். வெளியே வந்த முனையை முறித்து, மிச்சத்தை மடக்கித் தட்டி, அரத்தால் ராவ வேண்டும். செத்த குதிரையின் குளம்பில் பழகாமல் உயிருள்ள காலில் கை வைக்கச் சொல்லும் ஆசிரியரிடம் கற்காதீர்கள்.

வேலி

முள்கம்பி கூடாது. மாடு முள்ளைக் கண்டு ஒதுங்கும். குதிரை மிரண்டால் கண் தெரியாமல் ஓடும், தோல் கிழிந்து தொங்கும். நம் கடலோரத்தில் சவுக்கு மலிவாகக் கிடைக்கிறது, அதைக் குறுக்குக் கம்பாகப் போடுவதே நல்லது. மார்பு உயரத்துக்கு மேல், நாலரை முதல் ஐந்து அடி. ஏழடிக் கம்பமென்றால் இரண்டடிக்கு மேல் மண்ணுக்குள் போக வேண்டும். புதையும் பகுதிக்குத் தார் பூசுங்கள். குறுக்குக் கம்பைக் கம்பத்தின் உள்பக்கம், அதாவது குதிரை நிற்கும் பக்கம் வைத்து ஆணி அடியுங்கள். வெளிப்பக்கம் வைத்தால் குதிரை சாய்ந்தே ஆணியைப் பிடுங்கிவிடும்.

களிமண் நிலத்தில் மழைக்கு மண் ஊதும், வெயிலுக்குச் சுருங்கும், கம்பம் ஆடத் தொடங்கும். குழியில் எடுத்த களியையே திரும்பப் போடாமல் செங்கல் உடைசலும் மணலும் கலந்து இடித்தால் நிற்கும். கம்பங்களுக்கு இடையே கிளுவைப் போத்தும் (நட்டால் துளிர்க்கும் கிளைத்துண்டு) ஒதியம் போத்தும் நட்டுவிடுங்கள், சில ஆண்டுகளில் உயிர்வேலி ஆகிவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது சாயாத மரமே இல்லை என்ற நிலை. அதற்குப் பிறகு இங்கே யாரும் பெரிய மரத்தை வேலிக்கம்பமாக நம்புவதில்லை. படல் எப்போதும் உள்பக்கம் திறக்கும்படி இருக்கட்டும், தள்ளித் திறக்கும் வித்தையை எந்தக் குதிரையும் சீக்கிரம் கற்றுக்கொள்ளும்.

தீவனம்

வைக்கோல் வயிற்றை நிரப்பும், உடம்பைத் தேற்றாது. அருகம்புல்லை அறுத்துப் போடுவதே மேல். உடல் எடையில் நூற்றுக்கு 1.5 முதல் 2 பங்கு உலர் தீவனம் என்பது கணக்கு. 300 கிலோ குதிரைக்கு நாலரை முதல் ஆறு கிலோ. குதிரையின் இரைப்பை சிறியது, பலமுறை பிரித்துப் போட வேண்டும். கொள்ளுப் பயறை ஊறவைத்தோ வேகவைத்தோ கொடுங்கள். பூசணம் பிடித்த வைக்கோலை மாடு தின்றாலும் குதிரைக்குக் காட்டாதீர்கள். கோழித் தீவனம் மிச்சம் இருக்கிறதே என்று யாரும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் சேர்க்கும் மோனென்சின் என்ற மருந்து குதிரையின் இதயத்தைத் தாக்கிக் கொல்லும். கோயில் நந்தவனத்து அரளியும் அப்படித்தான், கொஞ்சம் இலையே போதும்.

பட்டறையும் மோட்டாரும்

இதை விரிவாக எழுத மாட்டேன். வெல்டிங், மோட்டார் எல்லாம் அரசு ஐடிஐயில் ஒழுங்காகச் சொல்லித் தருகிறார்கள், சான்றிதழும் கிடைக்கும். கொட்டிலில் நடப்பது அதைப் பழகிப் பார்ப்பதுதான். உடைந்த படல் கீலை ஒட்டுவது, தண்ணீர்த் தொட்டிக்குக் குழாய் இழுப்பது, அறுந்த சேணப் பட்டையை மெழுகு நூலால் இரண்டு ஊசி போட்டுத் தைப்பது போன்றவை. மின்சாரத்தில் மட்டும் "பார்த்தே கற்றேன்" என்ற வீரம் வேண்டாம்.

நோய்

குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் சிக்கல் வந்தால் அது உயிர்ப் பிரச்சினை. தரையைக் காலால் பறிப்பது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, படுத்துப் புரள்வது, தீனியைத் தொடாதது என்று எது தெரிந்தாலும் தீனியை எடுத்துவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள். நாட்டு வைத்தியம் செய்து பார்த்துவிட்டுக் கூப்பிடலாம் என்று பொழுதைப் போக்காதீர்கள். 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் சேவை இருக்கிறது. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உங்கள் கொட்டிலிலிருந்து அங்கே வண்டியில் ஏற்றிப்போக எவ்வளவு நேரம் ஆகும் என்பதை நோய் வரும் முன்னரே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் விட்டு விட்டுக் காய்ச்சல், உடம்பு மெலிதல், அடிவயிற்றிலும் காலிலும் வீக்கம் தெரிந்தால் கடிக்கும் ஈக்கள் பரப்பும் சர்ரா நோயாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். வெளியூரிலிருந்து புதிதாக வரும் குதிரையைச் சில வாரமாவது தனியாகக் கட்ட வேண்டும். மூக்கில் சளியும் தோலில் புண்ணுமாக வரும் கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும். பரிசோதனைச் சான்று இல்லாத குதிரையை இறக்கச் சொல்லும் முதலாளியிடம் முடியாது என்று சொல்லுங்கள். விற்க வரும் தரகர் சுழி ராசி பற்றி அரை மணி நேரம் பேசுவார். பேசட்டும். அதற்குள் நீங்கள் பல்லையும் குளம்பையும் பார்த்துவிடலாம்.

கோடியக்கரைக்கு ஒரு நடை

கொட்டிலில் கொஞ்ச காலம் ஆன பிறகு போங்கள், அதற்கு முன் போனால் வேடிக்கைதான் மிஞ்சும். வேதாரண்யத்திலிருந்து பஸ் இருக்கிறது. வனத்துறை அனுமதியோடு, அவர்கள் விடும் பாதையில் மட்டும் போக வேண்டும். வெளிமான்கள் மேயும் புல்வெளியில் மட்டக்குதிரைகளும் நிற்கும். தீனி கொடுக்காதீர்கள், கிட்டே போகாதீர்கள். எட்ட உட்கார்ந்து, எது முதலில் தலை தூக்குகிறது, எது நகர்ந்தால் மற்றவை நகர்கின்றன, எது எதற்கு வழி விடுகிறது என்று பாருங்கள். கட்டும் கடிவாளமும் இல்லாத இடத்தில் குதிரைகள் ஒன்றையொன்று எப்படித் தள்ளி நிறுத்துகின்றன என்பதைக் கண்டவர், மறுநாள் கொட்டிலில் குதிரையின் அருகில் நிற்கும் விதமே மாறியிருக்கும்.

பிறகு என்ன வேலை

டெல்டாவில் குதிரையை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துபவர்கள் சொற்பம், அந்த எண்ணிக்கையில் உங்களையும் சேர்த்துக்கொள்ளத் திட்டமிடாதீர்கள். மாட்டு லாடத்தையும் சேர்த்துக் கற்றால் பந்தய வண்டிக்காரர்கள் தேடி வருவார்கள். வேலியும் படலும் போடத் தெரிந்தவருக்குத் தோப்பு வைத்திருப்பவர்களிடம் எப்போதும் வேலை உண்டு. வெல்டிங் சான்றிதழ் கையில் இருந்தால் வேறு ஊருக்கும் போகலாம்.

கைக்கு வரும் முதல் பணத்தில் குளம்புக் கொக்கி, குறடு, அரம் மூன்றையும் சொந்தமாக வாங்கிவிடுங்கள். கொக்கியைக் கொல்லரிடம் சொல்லி அடித்து வாங்கலாம். குறடு பழையதாகக் கிடைத்தாலும் வாய் சேர்ந்து கடித்தால் போதும். அரத்தைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும். வாங்கியதும் பிடி போட்டு, எண்ணெய்த் துணியில் சுற்றி வையுங்கள், கடல்காற்று ஒரே மழைக்காலத்தில் அதைத் துருவாக்கிவிடும்.